தொட்டிலுக்கு ஒரு கல்

ஆவணி 12, வெள்ளி.

கால் எரிகிறது. தூக்கமும் வரவில்லை.

காலையில் ஒன்பதாம் வகுப்பில், பூமிக்கு உயிர் விண்கல்லில் வந்திருக்கலாம் என்று சிலர் சொல்வதை விளக்கினேன். "எரிஞ்சிக்கினே விழுற கல்லுல உயிர் எப்டி மிஸ் தங்கும்?" என்று ஒரு பெண் கேட்டாள். மேல்புறம்தான் கருகும், உள்ளே சூடு ஏறாது என்றேன். எதுவும் இன்னும் நிரூபணமாகவில்லை என்றும் சொல்லிவைத்தேன்.

சாயங்காலம் மாமியாரோடு கிரிவலம். குழந்தை விஷயத்தில் போன வாரம் டாக்டரும் கையை விரித்துவிட்டார். வழியில் ஒரு மரம் நிறையத் துணித் தொட்டில்கள். ஒவ்வொன்றிலும் குழந்தைக்குப் பதில் ஒரு கல். அத்தை மஞ்சள் துணியை விரித்தார்.

"நீயே ஒரு கல்லு எடுத்தாம்மா."

"கல்லுல என்னங்க அத்தை இருக்கு? எனக்கு இதுல நம்பிக்கை இல்ல."

"எனக்கோசரம் எடும்மா. இனிமே கேக்க மாட்டேன்."

சண்டை போடத் தெம்பில்லை. குனிந்தேன். காலடியில் வெளுத்த கற்கள் எத்தனையோ கிடந்தன. அத்தையே ஒன்றை எடுத்து நீட்டினார், நான் வாங்கவில்லை. செல்போன் வெளிச்சத்தில் தேடித் தேடி, மேலெல்லாம் கருகினாற்போல் இருந்த ஒன்றைத்தான் எடுத்துத் தொட்டிலில் வைத்தேன்.