மீ கோரெங்குக்கு அடியில் ஒரு முட்டை

கெலாங் பாத்தா,
ஞாயிறு காலை

அன்பு மகள் பிரேமலாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் தம்பி ரூபேந்திரனும் நல்லபடியாக இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன். அப்பா முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொன்னால் ஒளிந்துகொள்கிறார், டாக்டர் சொன்னால் மட்டும் நன்றாகத் தலையாட்டுகிறார். தம்பி வழக்கம்போல் விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பிவிடுகிறான், சாப்பிடும்போது மட்டும்தான் அவன் வாய் பேசத் திறக்கும், அப்படித் திறந்தபோதுதான் உன் குட்டு வெளிப்பட்டது.

நீ படித்த பள்ளிக்கே உன்னைத் தலைமையாசிரியராகக் கூப்பிட்டிருக்கிறார்களாம், பதினைந்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம், நீ முடியாது என்று எழுதப்போகிறாயாம். அம்மாவ ஆன்ட்டின்னு கூப்பிட்ட எடத்துல எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு போயி உக்காருவேன் என்று அவனிடம் அழுதாயாம். அதைக் கேட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நியூசிலாந்தில் அத்தனை பிள்ளைகளை மேய்க்கிற துணைத் தலைமையாசிரியருக்கு இவ்வளவுதான் ஞாபகசக்தியா என்று கோபமும் வந்தது. போனில் பேசினால் நானும் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

உன்னை அப்படிக் கூப்பிடச் சொன்னதே நான்தான் பிரேமலா. உனக்கு அப்போது ஏழு வயசு, மறந்துவிட்டாய். பெரிய இடத்துப் பிள்ளைகள் படிக்கிற தனியார் பள்ளி, கேன்டீனில் வேலை செய்கிறவள் மகள் என்று ஃபீஸ் இல்லாமல் சேர்த்துக்கொண்டார்கள், மற்ற பிள்ளைகள் உன்னைக் கிண்டல் பண்ணுவார்களோ என்று எனக்கு ஒரே பயம். முதல் நாள் கேன்டீனுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் குனிந்து உன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே, பள்ளி கேட்டுக்குள் வந்துவிட்டால் மற்ற பிள்ளைகளைப் போல நீயும் என்னை ஆன்ட்டி என்றுதான் சொல்ல வேண்டும் என்றேன். எதுவரைக்கும் என்று கேட்டாய். பள்ளி முடிகிறவரைக்கும் என்றேன். பதினோரு வருஷம் வரிசையில் நின்று ஆன்ட்டி, மீ கோரெங் ஒண்ணு என்பாய், நானும் யாருக்கும் தெரியாமல் அந்த வறுத்த மீ நூடுல்ஸுக்கு அடியில் ஒரு முட்டையை மறைத்துக் கொடுப்பேன். பரிசளிப்பு விழாவில் பெரிய சார் உன் அம்மா எங்கே என்று கேட்டபோது வரவில்லை என்றாயே, அப்போது நான் விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் சிரப் தண்ணீர்த் தட்டோடு பக்கத்தில்தான் நின்றேன். வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், அன்றைக்குப் பாத்திரம் கழுவும்போது அழுதேன். ஆனால் நீ என் பேச்சைத்தான் காப்பாற்றினாய். தப்பு என்னுடையது, மன்னிப்பும் நான்தான் கேட்க வேண்டும், இதோ கேட்கிறேன்.

வேறு காரணத்தால் வர முடியாது என்றால் எனக்கு வருத்தமில்லை, மாப்பிள்ளை வேலையையும் பார்க்க வேண்டும் அல்லவா. நான் சொல்லிக்கொடுத்த ஒரு வார்த்தைக்காக மட்டும் வேண்டாம் என்று எழுதிவிடாதே. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. இரண்டு பேரும் நூறு வயசு நன்றாக இருங்கள், எடுத்த காரியமெல்லாம் கைகூடட்டும்.

தேதியை மறக்காதே. வந்தால், முதல் நாள் ஓய்வு மணி அடித்ததும் கேன்டீனுக்கு வா, நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். தலைமையாசிரியர் என்று முந்தாமல் வரிசையில் நில். என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று இந்தத் தடவை நான் சொல்லித்தர மாட்டேன். ஆனால் முட்டையை மேலேயே வைப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
செல்வராணி