உழைப்பாளர் இல்லத்துக்குக் காற்று வரவில்லை

நிலவு, தென்துருவப் பனிச் சுரங்கம். பராமரிப்புப் பதிவு. எழுதுபவர்: செலின்மேரி, ஒப்பந்தப் பணியாளர்.

09:10
கீழ்த்தளத்தில் முப்பத்தொரு பேரின் காற்றை நிறுத்தியவர் தலைமைப் பொறியாளர் நடேசமூர்த்தி. கோளாறு என்று எழுதுவார்கள். நம்பாதீர்கள்.
மற்றபடி வழக்கமான காலை. ஆய்வகம் சரி. மேலே அதிகாரிகள் சாப்பிடும் 'உணவகம்' சரி.

09:25
காரணம் கிடைத்தது. நாங்கள் தங்குமிடத்தின் பெயர் இதுவரை 'கொட்டகை'. முதலீட்டாளர்கள் வருகிறார்கள் என்று நேற்று நடேசமூர்த்தி அதை 'உழைப்பாளர் இல்லம்' ஆக்கினார். இரண்டு சொல், நடுவே ஓர் இடைவெளி. காற்றைப் பங்கிடும் அவருடைய கணினி ஸ்கிரிப்டில் இந்த வரி:

அளவு="$(உணரி $அறை)"

வெளியே மேற்கோள் குறி இருக்கிறது. அது, அறையில் ஆள் இருப்பதை அளக்கும் உணரி தரும் விடையை மட்டுமே காக்கும். அடைப்புக்குள் $அறை என்று நிற்கும் அறைப் பெயரைக் காக்காது. அதற்குத் தனியாகப் போட வேண்டும். போடவில்லை. பெயர் இரண்டு துண்டாகி, இல்லாத இரண்டு அறைகளைத் தேடுகிறது. விடை வரவில்லை. விடை இல்லையென்றால் ஆளில்லை என்று கணக்கு. வால்வு மூடியது, கதவும் பூட்டிக்கொண்டது.

09:40
கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் நடேசமூர்த்தியுடன்:
"சார், உள்ள ரெண்டு குறி போட்டா போதும். ஸ்கிரிப்டுல எழுத அனுமதி குடுங்க."
"சோதனை பண்ணித்தான் போட்டேன்."
"எந்த அறையில சார்?"
"ஆய்வகத்துல. நீ வால்வு துடைக்கிற வேலையப் பாரும்மா."
"அது ஒரே சொல்லு சார். அப்ப எங்க பேரையாவது பழையபடி மாத்துங்க."
"விருந்தாளி வர்ற நேரத்துல கொட்டகைன்னா போடுவாங்க?"

10:05
வால்வைக் கையால் திறந்தேன். ஸ்கிரிப்ட் ஓடும் ஒவ்வொரு முறையும் அதை மூடுகிறது. வால்வை மூடும் மோட்டாரை நிறுத்தும் சாவியும் அவரிடம்தான். உள்ளேயிருந்து வெல்டர் முத்துப்பேச்சி ரேடியோவில்:
"ஏட்டி செலினு, கொட்டகைன்னே கெடந்திருந்தா மூச்சாவது விட்டிருப்போம். எங்களுக்கு எதுக்குட்டி இல்லம்?"
சிரித்தாள். சிரிக்காதே, காற்றை மிச்சம் பிடி என்றேன்.

10:30
வால்வின் கைப்பிடி முறிந்தது. என் மணிக்கட்டும். இடது கையால் எழுதுகிறேன். ரேடியோவில் பேச்சி:
"செலினு, கடைசி வரிசையில படுத்தவுக எந்திரிக்கல."
கட்டுப்பாட்டு அறை:
"எங்க திரையில அந்தப் பகுதி காலி. வதந்தி பரப்பாத."

10:50
பேச்சி பேசவில்லை. உள்ளே பல கைகள் கதவைத் தட்டின. இப்போது ஒன்றுதான் தட்டுகிறது.
நடேசமூர்த்தி சார், எழுத அனுமதி கொடுங்கள்.

10:58
தட்டுவது கேட்கிறது. மெதுவாக. ஒரே ஒரு வரி, நான் மாற்றுகிறேன். அனுமதி கொடுங்கள்.

11:04
கொடுங்கள்