தங்கை வந்தால் அண்ணன் வெளியே

மார்ச் 4, சனி

நேற்று மாலை தேவாலயக் கூடத்தில் காவா வேரைக் கரைத்துக் குடிக்கக் கூடினோம். வழக்கம்போல ஊர்ப் பலசாலி வைசேலே நடுவில் உட்கார்ந்து ஊரில் ஒருத்தரை விடாமல் கிழித்துக்கொண்டிருந்தான். காவா ஊற்றிக் கொடுக்க வந்தவள் தீவின் மேற்குக் கரைக் கிராமத்துப் பெண். நல்ல அழகு. சுற்றி உட்கார்ந்திருக்கும் ஆண்கள் யாருக்கும் சொந்தமில்லாதவள்தானே அந்த இடத்தில் உட்கார முடியும். என் தங்கை லோசலினே அங்கே இருந்திருந்தால் நான் வாசலோடு திரும்பியிருப்பேன். அண்ணன் முன்னால் தங்கை காதில் அந்த மாதிரிப் பேச்சு விழக்கூடாது.

மரச்சட்டியைத் தூக்கி நகர்த்தச் சொன்னான் வைசேலே. நிறையக் காவா. தூக்கினேன். சட்டி சாய்ந்து பாதி போதகரின் பாயில் கொட்டியது.

"டேய் மீன் முள்ளு! நீ சட்டியத் தூக்குறியா, சட்டி உன்னத் தூக்குதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான். என் கையைப் பார்த்துவிட்டு அவன் கையைப் பார்த்தாள்.

மாவு மொத்தக்கடையில் வேலை. மாவு மூட்டையைத் தூக்கத் துப்பில்லை. பெயர் ஃபெலேட்டி, ஊர் கூப்பிடுவது மீன் முள். போதும் இந்தப் பிழைப்பு.

மார்ச் 6, திங்கள்

கேஃபுவின் ஜிம்மில் சேர்ந்துவிட்டேன். எங்கள் தீவுத் தலைநகர் நுகுஅலோஃபாவில் கையில் காசில்லாதவனுக்கு அது ஒன்றுதான் ஜிம். கேஃபு ஆக்லாந்தில் இருந்தவர். ஏதோ அடிதடியில் மாட்டி, அங்கிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். வண்டி பழுதுபார்க்கும் கொட்டகைக்குப் பின்னால் தகரக்கூரை, கொஞ்சம் இரும்பு, மீதியெல்லாம் பால்மாவு டின்னில் சிமெண்டு ஊற்றி லாரி அச்சில் சொருகியது. அங்கேயும் ராஜா வைசேலேதான். போகிற இடமெல்லாம் இவன் முகம்.

கேஃபு என் சட்டையைக் கழற்றச் சொல்லிச் சுற்றி வந்து பார்த்தார்.

"இதுல எங்கடா தொடங்குறது?"

பிறகு ரொம்ப அன்பாகச் சொன்னார்: "நாளைக்குக் கால் பயிற்சி. வெறும் வயித்தோட வந்தா மயக்கம் வரும். வயித்த நல்லா ரொப்பிட்டு வா."

மார்ச் 7, செவ்வாய்

ஆட்டுக் கொழுப்பு, மரவள்ளி, தேங்காய்ப்பால் என்று அம்மாவிடம் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனேன். அச்சைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். எழுந்தேன். இன்னொன்று, இன்னொன்று என்று கேஃபு கத்திக்கொண்டே இருந்தார். சுற்றிலும் ஏன் எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள் என்று அப்போது புரியவில்லை.

வாந்தி. மூக்கு வழியாகவும் வந்தது. எல்லாப் புதுப்பயலுக்கும் இப்படித்தானாம். வாளியும் துடைப்பமும் தயாராக வைத்திருந்தார்கள்.

"இப்பத்தான்டா நீ எங்க ஆளு," என்றார் கேஃபு.

"மாஸ்டர், வீடியோல அந்த மூக்கு எடத்த இன்னொரு தடவ போடுங்க," என்றான் வைசேலே.

அங்கே அழவில்லை. வீட்டில் குளிக்கும்போது அழுதேன்.

மார்ச் 9, வியாழன்

கழிவறையில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழ முடியவில்லை.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

தேவாலயத்துச் சட்டையில் பொத்தான் தெறித்தது! அம்மா அதைத் தேடி எடுத்து, தைக்காமல் அலமாரியில் வைத்துக்கொண்டாள். லவினியா அத்தை என் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்து, "இப்பத்தான் எங்க வீட்டுப் பையன் மாதிரி இருக்கே," என்றாள். எங்கள் குடும்பத்தில் அப்பாவுக்கும் மேலே அத்தை. அவள் வாயால் வந்தால் அது பட்டயம் மாதிரி.

கண்ணாடி பார்க்கிறேன். அடிக்கடி.

டிசம்பர் 12, செவ்வாய்

இன்று ஒரு புதுப்பயல், அஞ்சலகத்தில் வேலை பார்ப்பவன். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தான். நானும் போனைத் தூக்கிப் பிடித்தேன். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

மே 28, திங்கள்

ஆகஸ்டில் ஊர் ஆணழகன் போட்டி. எங்கள் எடைப்பிரிவில் ஜெயிப்பவனைக் கடல் தாண்டிச் சுவாவில் நடக்கும் தீவுகள் போட்டிக்கு அனுப்புகிறார்கள். ஒருவன்தான் போக முடியும். எங்கள் பிரிவில் நின்று பார்க்கத் தகுதியானவர்கள் வைசேலே, நான்.

சுவாவுக்குப் போக வேண்டும். வாழ்க்கையில் வேறு எதற்கும் இப்படி ஆசைப்பட்டதில்லை. அந்த மேடையில் நான் நிற்க வேண்டும், அவன் இங்கே உட்கார்ந்து காவா குடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

"தோலுக்குக் கீழ ஒண்ணும் இருக்கக் கூடாது. தோல், நரம்பு, கறி, அவ்வளவுதான்," என்கிறார் கேஃபு. தேங்காய்ப்பால் கூடாது, கிழங்கு கூடாது, கொழுப்பைக் கண்ணால் பார்க்கவும் கூடாது.

ஜூன் 17, ஞாயிறு

மண்ணுக்குள் மூடி வைத்த குழி அடுப்பைத் திறந்தார்கள். சேம்பு இலையில் மாட்டிறைச்சியும் தேங்காய்ப்பாலும் வைத்துக் கட்டியது, மணம் ஆளைத் தூக்கியது. வேண்டாம் என்றேன். அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏன்டா, எந்தம்பி வீட்டுச் சோறு ஒனக்குப் புளிச்சுப் போச்சா?" என்றாள் அத்தை.

பசி. கோபம் கோபமாக வருகிறது. கடையில் ஒரு கிழவியிடம் கத்திவிட்டேன்.

லோசலினே ஒருத்திக்குத்தான் புரிகிறது போலிருக்கிறது. நாங்கள் பெரியவர்களான பிறகு நான் படுப்பது பின்கட்டுக் கொட்டகையில். ஒரே கூரைக்குக் கீழே அண்ணனும் தங்கையும் படுப்பதில்லை. விடியற்காலையில் பேக்கரி வேலைக்குப் போகும்போது என் ஜன்னலில் அவித்த முட்டைகளை வைத்துவிட்டுப் போகிறாள். ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் நன்றி சொன்னதில்லை. எங்களுக்குள் பேச்சு எப்போதும் அம்மா வழியாகத்தான்.

ஜூலை 15, ஞாயிறு

எழுதக் கை ஓடவில்லை.

ஜெபத்தின் நடுவே போதகர் கண்ணை மூடிக்கொண்டு, "சர்க்கரை நோயால் உருகிக்கொண்டிருக்கும் எங்கள் சகோதரன் ஃபெலேட்டியை..." என்று தொடங்கினார். முழுச் சபையும் திரும்பி என்னைப் பார்த்தது. பின்வரிசையில் ஒரு பெண் விம்மினாள். நான் எழுந்து கத்தியிருக்க வேண்டும். எப்படிக் கத்துவது, ஜெபத்தின் நடுவே!

சாயங்காலம் வீட்டுக்குக் கூடை கூடையாக வந்து இறங்கியது. கிழங்கு, பன்றித்தொடை, கேக். "பாவம் புள்ள, சாப்பிடட்டும்." வாங்கி வைக்க வைக்க அம்மாவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. எல்லோரும் போன பிறகு சொன்னாள்: "பெத்த புள்ளைக்குச் சோறு போடாதவன்னு நெனைக்கிறாங்கடா என்னய."

யார் சொன்னது? போதகரின் மனைவியிடம் போய்க் கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னவன் யார்? வேறு யார்!

ஜூலை 16, திங்கள்

ஜிம்மில் வைசேலே: "சாப்டுடா முள்ளு, ஊரே ஆக்கிப் போட்டிருக்கு. ஒருவாய் சாப்டா செத்தா போவே?"

கேஃபுவும் சிரித்தார். அம்மா பாய் முடையும் கூட்டத்துக்கு இன்று போகவில்லை.

பொறு. பொறு.

ஜூலை 25, புதன்

கடைக்கு ஒரு பெண் வந்தாள். குட்டைக் கால்சட்டை, தப்புத் தப்பான பேச்சு. எங்கள் மொழியை வெளியூர்க்காரி மாதிரி மென்று மென்று பேசினாள். பெயர் செசிலியா. வைசேலேயின் தங்கை! கைக்குழந்தையில் ஆக்லாந்துக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சின்னம்மா வீட்டில் வளர்ந்தவள், இப்போதுதான் ஊர் பார்க்க வந்திருக்கிறாள்.

"எங்கண்ணனத் தெரியுமா உங்களுக்கு? ஏதோ போட்டியாமே? எங்கிட்ட ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறான். நான் ரூமுக்குள்ள போனா எந்திரிச்சுப் போயிடுறான். என்னப் பிடிக்கலயோ என்னவோ."

இந்தப் பெண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஒருவரும் சொல்லித் தரவில்லை. எண்ணெய் பூசிக்கொண்டு துணித்துண்டு மாதிரி ஒரு ஜட்டியில் அண்ணன் நிற்கிற இடத்தில் தங்கை காலே வைக்கக்கூடாது என்பது தெரியவில்லை.

நான் சொன்னேன்: "வெக்கம் அவனுக்கு. உள்ளுக்குள்ள ஆசதான். மேடையில நிக்கிறப்ப குடும்பத்துல ஒருத்தராவது கை தட்ட வேணாமா?"

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. முதல் வரிசைச் சீட்டு என்னிடம் இருந்தது, போட்டியாளர் குடும்பத்துக்கென்று கொடுத்தது. கொடுத்தேன். நல்லா சத்தமாகக் கூப்பிடு, அவனுக்குப் பிடிக்கும் என்றும் சொன்னேன்.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

வைசேலேக்கு முன்னால் நான் போய் நின்றுவிட்டு வந்தேன். திரை ஓரத்தில் நின்றுகொண்டேன், பார்க்க. அவன் வந்தான். ஒத்துக்கொள்கிறேன், என்னைவிட அவன்தான். தொடைத் தசை ஒவ்வொன்றும் தனித்தனியாகச் செதுக்கியது மாதிரி. நடுவர்கள் பேனாவை எடுத்துவிட்டார்கள். அவன் கையை விரித்து முதுகைக் காட்டிவிட்டுத் திரும்பினான். அப்போது முதல் வரிசையில் செசிலியா எழுந்து நின்று விசிலடித்தாள்.

"அண்ணா! இங்க பாருண்ணா! நான்தான்!"

அவன் இரண்டு கையாலும் முன்னால் பொத்திக்கொண்டான். அவ்வளவு பெரிய உடம்பு அப்படியே குறுகியது. பின்னோக்கியே நடந்து போனவன் திரையில் மோதி, திரையை இழுத்துச் சுற்றிக்கொண்டான், கம்பியோடு சேர்ந்து அது தலையில் விழுந்தது. கிழவிகள் எழுந்துவிட்டார்கள். ஒருத்தி செசிலியாவின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். "நான் என்ன பண்ணேன்? யாராச்சும் சொல்லுங்களேன், நான் என்ன பண்ணேன்?" என்று வாசல் வரைக்கும் கேட்டுக்கொண்டே போனாள்.

நான் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். கோப்பையை என் கையில் கொடுத்தார்கள். கை தட்டியது கொஞ்சம் பேர்தான்.

இருந்தாலென்ன? சுவா! சுவா!

ஆகஸ்ட் 12, ஞாயிறு

செசிலியா ஆக்லாந்துக்கே திரும்பிவிட்டாள். போவதற்கு முந்தின நாள் பேக்கரி வாசலில் அவளும் லோசலினேயும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்ததாகக் கடைக்காரர் சொன்னார். வைசேலே வீட்டைவிட்டு வெளியே வருவதில்லையாம். அவன் அப்பா அவனோடு பேசுவதில்லையாம்.

சாப்பாட்டின் நடுவே லோசலினே சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அம்மா, அந்தப் புள்ளைக்குச் சீட்டு குடுத்தது யாருன்னு அண்ணங்கிட்டக் கேளு."

"எனக்கென்ன தெரியும்," என்று நான் அம்மாவிடம் சொன்னேன்.

"தங்கச்சின்னா அவருக்கு வெளாட்டுச் சாமானான்னும் கேளு."

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 14, செவ்வாய்

சாயங்காலம் பெஞ்சில் படுத்துத் தூக்கிக்கொண்டிருந்தேன், சட்டையில்லாமல். ஜிம் சட்டென்று அமைதியானது. தலையைத் தூக்கினால், வாசலில் லோசலினே. கணுக்கால் வரை பாவாடை, அப்பாவின் பழைய பனியன், தலைமுடி இறுக்கக் கட்டியிருந்தது.

"மாஸ்டர், நான் சேரணும்," என்றாள் கேஃபுவிடம்.

துண்டைப் போர்த்திக்கொண்டு வெளியே ஓடினேன். வேறென்ன செய்ய?

ஆகஸ்ட் 16, வியாழன்

காலையில் போனேன். வந்துவிட்டாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடினேன். அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். பேக்கரி வேலை காலையிலேயே முடிந்துவிடுகிறது, அவளுக்கு முழுப் பகலும் சும்மாதான். நான் உள்ளே போகும் நேரமெல்லாம் அவள் நேரம். எழுந்து போ என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. எங்கள் முறைப்படி அண்ணனைவிடத் தங்கைதான் மேலே. தங்கை உட்கார்ந்த இடத்திலிருந்து அண்ணன்தான் நகர வேண்டும்.

கேஃபுவிடம் கெஞ்சினேன். பெண்களுக்குத் தனி நேரம் வையுங்கள் மாஸ்டர் என்றேன்.

"எங்கிட்ட வர்றவங்க எப்ப வேணா வரலாம்டா. நான் என்ன, பள்ளிக்கூடமா நடத்துறேன்?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "சீட்டு விஷயம் எனக்கும் தெரியும்."

சரி, சுவாவுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. கொட்டகையில் கல்லைத் தூக்கிப் பார்த்தேன். கல்லாகத்தான் இருக்கிறது. ஜன்னலில் முட்டை வைப்பது நின்றுவிட்டது. நானே அவிக்கிறேன், வெடித்துப்போகிறது.

ஆகஸ்ட் 19, ஞாயிறு

லவினியா அத்தை காலில் விழாத குறை. அத்தை சொன்னால் லோசலினே கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அத்தை பல்லைக் குத்திக்கொண்டே முழுக்கக் கேட்டாள். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அவ உள்ள இருந்தா நீ வெளிய நில்லு. ஒனக்குத்தான் இந்த முறையெல்லாம் நல்லாத் தெரியுமே! ஊரான் தங்கச்சிய வச்சு வெளாடத் தெரிஞ்சவன்தானே நீ?"

சிரிப்பு நின்றது. "இன்னொண்ணு. பொட்டப்புள்ள இருட்டுல தனியா நடந்து வரக்கூடாது. நாளையிலேர்ந்து தெனம் அவ முடிக்கிற வரைக்கும் ஜிம் கேட்டுல நின்னு நீதான் கூட்டிட்டு வரணும். இது என் வார்த்தை."

செப்டம்பர் 3, திங்கள்

கேஃபு என்னைச் சாலையிலேயே நிறுத்திச் சட்டையைத் தூக்கச் சொன்னார். இடுப்பைக் கிள்ளிப் பார்த்தார்.

"தண்ணி கோத்திருக்கு. இத வச்சுக்கிட்டு சுவாவுல நீ என்னத்தக் காட்டுவே?"

வைசேலே வீட்டுக்கு அவரே போய் அவனை எழுப்பிக்கொண்டு வந்திருக்கிறார். எனக்குப் பதில் சுவாவுக்கு அவன்தான் போகிறான். அம்மாவிடம் சொன்னேன். "அப்ப இனிமே சாப்பிடுவியா?" என்று கேட்டாள்.

செப்டம்பர் 4, செவ்வாய்

சாப்பிட்டேன். எல்லாவற்றையும்.

அக்டோபர் 9, செவ்வாய்

வைசேலே சுவாவில் மூன்றாவதாக வந்தான். விமான நிலையத்தில் மாலை போட்டார்கள். கடையில் வேலை இருந்ததால் நான் போகவில்லை.

லோசலினே இனிமேல் என்னைத் துரத்துவதற்காக ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை. போட்டி முடிந்தது, நான் உள்ளே போவதையே விட்டுவிட்டேன். ஆனாலும் போகிறாள். அவளுக்குப் பிடித்துவிட்டதாம், தோள் நல்ல தோள் என்று கேஃபு சொல்கிறாராம். அம்மா பெருமையாகச் சொன்னாள்.

இன்றும் கேட்டில் நின்றேன். மழைத் தூறல். தகரத்துக்கு அந்தப் பக்கம் சிமெண்டு டின் இறங்கும் சத்தம். யாரோ அவளுக்கு எண்ணிக்கொண்டிருந்தார்கள். "இன்னொண்ணு... விடாத, நான் பிடிச்சுக்கிறேன்... இன்னொண்ணு..." கேஃபுவின் குரல் இல்லை. வைசேலேயின் குரல். அவன் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. பிறகு அவள் ஏதோ சொன்னாள், இருவரும் சிரித்தார்கள்.

எத்தனை நாளாக? அம்மாவுக்குத் தெரியுமா? யாரிடம் கேட்பது? தங்கையிடம் இதைப் பற்றி அண்ணன் வாயைத் திறக்க முடியாது. உள்ளே போய்ப் பார்க்கவும் முடியாது.

அவள் வெளியே வந்து, என் முகத்தைப் பார்க்காமல் பையை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். அவள் முன்னால் நடந்தாள்.