லைட் அடித்தால் என்ன அர்த்தம், மச்சான்?

என் அன்பு மச்சான் சேகருக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. மலர் இன்னும் உன் டாக்ஸிச் சாவியை டிவி மேலேயே வைத்திருக்கிறாள். நொறுங்கிப்போன வண்டிக்குச் சாவி எதற்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் தங்கை ஆயிற்றே.

எனக்குக் கேளம்பாக்கத்தில் வேலை கிடைத்திருக்கிறது. டிரைவர் இல்லாமல் ஓடும் காருக்கு ரோட்டைச் சொல்லிக்கொடுக்கும் வேலை. வீடியோவைப் பார்த்து இது மாடு, இது ஷேர் ஆட்டோ, இவர் குறுக்கே வரப்போகிறார் என்று குறிக்க வேண்டும். நீ இருந்திருந்தால், "இன்னா மச்சான், என் பொழப்புல மண்ணள்ளிப் போடவா படிச்ச?" என்று கேட்டிருப்பாய்.

போன வாரம் மாமல்லபுரம் ரோட்டு வீடியோ ஒன்று வந்தது. எதிரே வரும் வண்டி இரண்டு முறை லைட் அடிக்கிறது. நமக்கு அதன் அர்த்தம் 'நான் வரேன், நில்லு'. ஆனால் ஆபீஸ் விதிப் புத்தகத்தில் 'வழி விடுகிறார்' என்று இருக்கிறது. விபத்து நடந்த அன்று நீயும் லைட்தானே அடித்தாய்? வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த அந்த மனிதர், அந்த ஊர் வழக்கப்படி நீ வழி விடுவதாக நினைத்துத்தானே குறுக்கே திரும்பினார்?

"இது தப்பாக் கீது சார். இங்க அதுக்கு நில்லுன்னு அர்த்தம்," என்றேன் மேனேஜரிடம்.

"வெளிநாட்டுக் கஸ்டமர் குடுத்த விதிப்பா. நீ அத்த மாத்துனா, அவங்க உன்ன மாத்திடுவாங்க."

மூன்று நாள் 'நில்' என்றே குறித்தேன். எல்லாம் தப்பு என்று திரும்பி வந்தது. நாலாம் நாள் 'வழி விடுகிறார்' என்று போட்டுவிட்டேன், மச்சான். இந்த வேலையும் போனால் மலரையும் குழந்தையையும் யார் பார்ப்பது? உன்னைக் கொன்ற தப்பை நானே அந்தக் காருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. லைட் அடித்த நேரத்தில் நீ பிரேக்கை மிதித்திருக்கலாமே? நாம் யாருமே மிதிப்பதில்லை. வேகத்தைக் குறைத்தால் மானம் போன மாதிரி நமக்கு.

நேற்று மலரை என் வண்டியில் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போனேன். எதிரே காரில் வந்த ஒருவன் குறுக்கே திரும்பினான். என் கை தானாக லைட்டுக்குப் போனது.

"அடிக்காதண்ணா. நிறுத்து," என்றாள்.

நிறுத்தினேன். அவன் போன பிறகும் என்னால் வண்டியை எடுக்க முடியவில்லை. அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இனி நான் ஓட்டும் வண்டியில் கை லைட்டுக்குப் போகாது, கால்தான் பிரேக்குக்குப் போகும். இது உன்மேல் சத்தியம். ஆனால் நாளைக்கும் ஆபீஸில் 'வழி விடுகிறார்' என்றுதான் போடுவேன், மச்சான்.

மலரின் அண்ணன்,
உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் முடியாத உன் மச்சான்,
குமார்