சாயம் படாத இருபது பெட்டைகள்

டோல்வென் பண்ணை, வேல்ஸ்
11 நவம்பர் 1984

அன்பான இட்வல் அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். ஒரு மாதமாக நீ ஒரு வரிகூட எழுதவில்லை, அந்தக் குறையை அப்புறம் பேசிக்கொள்கிறேன்.

என் பங்காக நீ பிரித்துக் கொடுத்த இருபது பெட்டை ஆட்டுக்குட்டிகளும் கொழுகொழுவென்று இருக்கின்றன. ஆனால் சினைப்படுத்தப் பொலிகிடாவை அவற்றோடு விட்டு மூன்று வாரமாகிறது. கிடாவின் நெஞ்சில் சிவப்புச் சாயம் பூசித்தான் விட்டோம். ஏறியிருந்தால் பெட்டைகளின் பின்புறம் சிவந்திருக்க வேண்டும். ஒன்றுகூடச் சிவக்கவில்லை. வசந்தத்தில் குட்டிகளைக் கண்ணால் பார்த்தால்தான் குத்தகையைப் புதுப்பிப்பேன் என்கிறார் நிலச் சொந்தக்காரர். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

உன் தங்கை,
மெய்னிர்

கெவ்ன் கோக் பண்ணை
15 நவம்பர்

அன்புள்ள மெய்னிருக்கு,

கிடாதான் சோம்பேறியாக இருக்கும். மாற்றிப் பார். இங்கே மழை விட்டபாடில்லை. காயடித்த கிடாக்குட்டிகள் சந்தைக்குப் போய்விட்டன, எடை நன்றாக நின்றது. வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

அண்ணன்,
இட்வல்

டோல்வென்
29 நவம்பர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

கிடாவையும் மாற்றியாயிற்று. பக்கத்துப் பண்ணை ஹவெல் தன்னுடையதைக் கொண்டுவந்தார், அப்போதும் ஒன்றும் சிவக்கவில்லை. "எங்க கிடா மேல குத்தம் சொல்லாத பொண்ணு. இதுங்களுக்குத்தான் மனசே இல்ல" என்று சிரித்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு வயல் பக்கம் ஓடுகிறேன், திரும்புகிறேன், மறுபடி ஓடுகிறேன். "செத்த உக்காரேன், நீ பாத்துக்கிட்டே நின்னா செவந்துடுமா?" என்கிறார் என் வீட்டுக்காரர்.

நேராகவே கேட்கிறேன். கோடையில் இவற்றுக்கு நீ ஏதாவது வைத்தாயா?

மெய்னிர்

கெவ்ன் கோக்
2 டிசம்பர்

மெய்னிர்,

வைத்தேன்.

ஜூலையில் கிடாக்குட்டிகளுக்குக் காதுத் தோலுக்கடியில் ஹார்மோன் குளிகை ஏற்றிக்கொண்டிருந்தேன். சீக்கிரம் சதை போடுவதற்காக. உன் இருபதும் அடுத்த பட்டியில் நின்றன. சொந்தபந்தமெல்லாம் படலோரம் நின்று பங்கைப் பார்க்கிற நாளில், 'தங்கச்சிக்கு நோஞ்சானைத் தள்ளிவிட்டான்' என்று எவனும் சொல்லிவிடக் கூடாதே என்று அவற்றுக்கும் ஏற்றினேன். இனப்பெருக்கத்துக்கு வைக்கும் பெட்டைகளுக்குக் கூடாது என்று மருந்துப் பெட்டியிலேயே போட்டிருக்கிறது. உன் முதல் கடிதம் வந்த பிறகுதான் எடுத்துப் படித்தேன். உடம்பு முந்திக்கொண்டது, பருவம் பின்தங்கிவிட்டது. அதைப் படித்த பிறகும் கிடாவின் மேல் பழியைப் போட்டு உனக்கு எழுதினேன். வெட்கமாக இருக்கிறது.

என் மந்தையில் சினைப்பட்டதில் நல்லதாக இருபது பொறுக்கிச் சனிக்கிழமை லாரியில் அனுப்புகிறேன். மறுக்காதே.

இட்வல்

டோல்வென்
5 டிசம்பர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

அனுப்பு. வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை.

கால்நடை மருத்துவர் நவம்பர் இருபத்திரண்டாம் தேதியே வந்தார். காதடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "யாரும்மா இத வெச்சது?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அடுத்த வருஷம் சரியாகலாம், உறுதியா சொல்ல முடியாது" என்றார். நீயாக எழுதுவாய் என்று ஒரு வாரம் பார்த்தேன். வயல் பக்கம் நான் ஓடியது ஆடுகளைப் பார்க்க அல்ல, தபால் வண்டி வருகிறதா என்று பார்க்கத்தான். பொறுக்க முடியாமல் கடைசியில் நானே கேட்டேன். கேட்காமலே நீ சொல்லியிருக்கலாம். ஆடுகளைவிட அதுதான் எனக்கு வலிக்கிறது.

சனிக்கிழமை லாரியோடு நீயும் வா. எழுத்தில் திட்டினால் எனக்கு ஆறாது.

மெய்னிர்