ஓய்வெடுக்கச் சொன்னவர்கள்

அக்கா,

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் வரும்போது வாட்ஸப் குரூப்பில் மறுபடியும் ஆர்.ஐ.பி. யாரோ ஒருவருடைய மாமனாராம். அந்த மூன்று எழுத்தைப் பார்த்தாலே எனக்கு உடம்பு எரிகிறது.

முன்பெல்லாம் ஆரம்பாக்கத்தில் இதே பஸ்ஸில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்ததும் உன் வங்கித் தேர்வு கைடை என் மடியில் போடுவாய். இங்கிலீஷில் புழங்கும் லத்தீன் சொற்களை நான் கேட்க வேண்டும். நீ அர்த்தம் சொல்ல வேண்டும். ஒன்பதாவதோடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டி, வாய்க்குள்ளேயே கேட்பேன்.

"சத்தமா கேளுடி. யாராச்சும் உன்ன கடிச்சா துன்னப் போறாங்க?"

'அட் ஹாக்' என்றேன் ஒருநாள்.

"இந்த வேலைக்கு மட்டும்னு அர்த்தம். நம்மளாட்டம். வேலை முடிஞ்சா தூக்கிக் கடாசிடுவானுங்க."

பின்சீட்டுப் பெண்கள்கூடச் சிரித்தார்கள். ஆர்.ஐ.பி.யும் முதலில் லத்தீன்தான் என்று சொன்னவள் நீ. "ரெக்வியஸ்கட் இன் பாச்சே. அமைதியா ஓய்வெடுக்கட்டும்."

காய்ச்சலோடு வந்த அன்று பேக்கிங் லைனில் நின்றபடி சூப்பர்வைசரிடம் கேட்டாய். "சார், கொஞ்ச நேரம் உக்காந்துக்கினு செய்றேன் சார்."

"உக்கார்றதுன்னா ஊட்டுக்குப் போ. நாளைக்கும் வராத."

நீ போகவில்லை. மத்தியானம் அட்டைப்பெட்டிகள் மேல் சாய்ந்தாய். ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். அந்த வாரமே போய்விட்டாய்.

உனக்கு குரூப்பில் முதல் ஆர்.ஐ.பி. அந்த சூப்பர்வைசர் போட்டதுதான். கூடவே கும்பிடும் கை. உயிரோடு கேட்டபோது தராத ஓய்வை, செத்த பிறகு தனக்கே அர்த்தம் தெரியாத பாஷையில் தருகிறார்! அதற்குக் கீழேயே அவருடைய அடுத்த செய்தி: "நாளை பஸ் ஐந்தரைக்கு."

உன் இடத்தில் இப்போது ஒரு புதுப்பெண். இன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தேன். அவர் வந்தார்.

"யாரு உக்கார சொன்னது?"

"நான்தான் சார்."

"இன்னா, ஊமைக்கெல்லாம் வாய் வந்துடுச்சா?"

"அக்காவுக்கு ஆர்.ஐ.பி. போட்டீங்களே சார், அதுக்கு இன்னா அர்த்தம்? சொல்லிட்டு இவள எழுப்புங்க."

லைனில் எல்லாக் கைகளும் நின்றுவிட்டன. அவர் என்னையே முறைத்தார். அவளை எழுப்பாமலே அடுத்த லைனுக்குப் போனார்.

நாளைக்கு என்னை பஸ்ஸில் ஏற்றுவார்களோ, தெரியாது. உன் கைடு உன் அம்மாவிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது இந்தக் கோபம் ஒன்றுதான், அக்கா. இதை ஓயவிட மாட்டேன்.