ஊருக்கு வைத்த பெயர்

அன்புள்ள அப்பாவுக்கு, வணங்கி எழுதுகிறேன். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

இந்தக் கடலோரத்தில் மரம் அறுக்கும் மில்லைச் சுற்றி ஒரு ஊரே எழும்பிவிட்டது. நேற்று அதற்குப் பெயர் வைத்தார்கள். போன மாதம் சங்கிலி அறுந்து, கட்டைகள் சரிந்து இறந்துபோன எங்கள் கிரேன் டிரைவரின் பெயர். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு உறுத்தியது. சங்கிலி தேய்ந்துவிட்டது என்று அவர் கத்தியபோது திரும்பிக்கூடப் பார்க்காதவர்களுக்கு இப்போது எங்கிருந்து வந்தது இத்தனை பாசம்?

அவரோடு வேலை செய்தவன் என்று மேனேஜர் என்னை மேடையேற்றினார். "நல்லதா ரெண்டு வார்த்தை பேசுப்பா" என்றார்.

"பேரு வச்சிட்டீங்க, சந்தோஷம். சங்கிலிய மாத்தினீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

மைக்கை அணைத்துவிட்டார்கள். ஆனால் இன்று காலை யாரும் கிரேன் பக்கம் போகவில்லை. மதியத்துக்குள் மில்லின் ஸ்டோரிலிருந்தே புதுச் சங்கிலி வந்தது. அப்படியானால் அது அங்கேயேதான் கிடந்திருக்கிறது, அப்பா.

பயப்படாதீர்கள், என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. குளிர் அதிகம், ஒரு மப்ளர் அனுப்புங்கள். புதிது வேண்டாம், நீங்கள் கட்டிக்கொள்ளும் பழையதே போதும்.

தபால் படகு கிளம்புகிறது.

உங்கள் சின்னவன்